மொகல் தெருவில் நடப்பு வட்டி

கடல் தாண்டிய ரூபாய் – 9

ரங்கூன் மொகல் தெரு முருகன் கோயிலில் மாதம் ஒருமுறை, மாலை நேரத்தில், செட்டியார்கள் கூடுவார்கள். பூசை முடிந்து திருநீறு வாங்கியதும் அவர்கள் கலைந்து போவதில்லை. அதற்குப் பிறகுதான் வந்த காரியமே தொடங்கும். அந்த மாதத்துக்கு ‘நடப்பு வட்டி’ என்ன என்பதை அங்கே உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். ஒரு செட்டியார் கடை இன்னொரு கடையிடம் வாங்கும் பணத்துக்கு அந்த வட்டிதான் அளவு. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, அறுவடை எப்படி, ஆங்கிலேய வங்கிகள் என்ன விலைக்குப் பணம் தருகின்றன என்பதெல்லாம் பேச்சில் வரும். கடைசியில் ஓர் எண் நிற்கும். ஐராவதி ஆற்றின் முகத்துவாரத்தில், சேற்று நிலத்தில் நாற்று நடும் பர்மிய விவசாயி அடுத்த மாதம் என்ன வட்டிக்குக் கடன் வாங்குவார் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

இந்திய ரிசர்வ் வங்கி 1935இல்தான் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தண்டாயுதபாணி சந்நிதியில் ஒரு மத்திய வங்கிக்குரிய வேலை நடந்துகொண்டிருந்தது. பக்தியும் வணிகமும் ஒரே கூரையின்கீழ் இருந்ததை இன்று நாம் வியப்பாகப் பார்க்கிறோம். அவர்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இருந்திருக்காது. ஒவ்வொரு கடையும் தன் வரவு செலவுக்கு ஏற்றபடி கோயிலுக்கு மகமை கட்டியது. கோயிலில் சேர்ந்த பணம் சும்மா கிடக்கவில்லை; அதுவும் கடைகளுக்கு வட்டிக்குப் போனது. கொடுத்த வாக்கைத் தவறியவன் கோயிலில் தலைகாட்ட முடியாது. கோயிலில் தலைகாட்ட முடியாதவனுக்கு மொகல் தெருவில் ஒரு ரூபாய் பெயராது. ஆயிரம் மைல் கடலுக்கு அப்பால், காவலரும் நீதிமன்றமும் இல்லாமலேயே கடன் திரும்பி வந்ததன் ரகசியம் இதுதான்.

சென்ற இதழில் பினாங்கைப் பார்த்தோம். ரங்கூனுக்கு வந்தால் அளவே மாறிவிடுகிறது. 1929-30இல் பர்மிய மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி அந்த நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. வெளியே நின்ற கடன் சுமார் 75 கோடி ரூபாய். கீழ்ப்பர்மாவில் எந்த விவசாயியும் ஒரு நாள் பயணத்தில் ஒரு செட்டியார் கடையை எட்டிவிடலாம் என்ற அளவுக்கு அவை பரவியிருந்தன.

இத்தனைக்கும் காரணம் அரிசி. அந்த அரிசிக்குக் காரணம் பர்மாவில் நடந்தவை மட்டுமல்ல. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்தபோது டெல்டாவின் பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். ஐரோப்பாவுக்கு அரிசி அப்போது அமெரிக்காவின் கரோலினாவில் இருந்தும் போய்க்கொண்டிருந்தது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது, கரோலினா அரிசி நின்றது, லண்டன் வணிகர்களின் பார்வை ரங்கூன் பக்கம் திரும்பியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. சாப்பாட்டுக்கு மட்டும் இல்லாமல் கஞ்சிப்பசைக்கும் மது வடிக்கவும் ஐரோப்பா அரிசி கேட்டது. 1850களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ்ப்பர்மா நெல் வயல், 1930களில் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன் அரிசியைக் கப்பலேற்றி, உலகிலேயே முதல் அரிசி ஏற்றுமதி நாடாக பர்மா நின்றது.

அந்த அரிசியின் பெரும்பகுதி பிற்காலத்தில் ஆசியாவுக்குள்ளேயே சுற்றியது. மலாயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழரும், இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்த தமிழரும் ரங்கூன் அரிசியைத்தான் உலையில் போட்டார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலும் அதே அரிசிதான். தஞ்சை ஜில்லாக்காரர்கள் அதை மட்டமாகப் பேசிக்கொண்டே வாங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

காட்டை வயலாக்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மேல்பர்மாவின் வறண்ட ஊர்களில் இருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் டெல்டாவுக்கு இறங்கினார்கள். உப்பு நீர் ஏறும் அந்த மண்ணில் கனஸோ என்ற அலையாத்தி வகை மரங்கள் அடர்ந்திருந்தன. மரத்தை வெட்ட வேண்டும், காயவிட்டுக் கொளுத்த வேண்டும், வேர்க்கட்டையைப் பெயர்க்க வேண்டும், கடல் நீர் உள்ளே வராமல் கரை கட்ட வேண்டும். ஒழுங்கான விளைச்சல் கிடைக்கச் சில ஆண்டுகள் ஆகும். இடையில் மலேரியா பாதிப் பேரைப் படுக்கவைத்துவிடும். அதுவரை சோற்றுக்கும் உழவு மாட்டுக்கும் விதைக்கும் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் லுங்கி கட்டிய விவசாயியை வாசலிலேயே நிறுத்திவிடும். உள்ளூர் பர்மிய வட்டிக்காரர் செட்டியாரைவிடக் கூடுதலாகக் கேட்பார். ஆக மிஞ்சியவர் செட்டியார்.

கடன் கொடுக்க அடமானம் வேண்டும். அதற்கு வழி செய்தது சட்டம். பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வரி கட்டி உழுதவருக்கு நிலம் சொந்தம் என்று 1876இன் நிலச் சட்டம் சொன்னது. விவசாயிக்குச் செய்த நன்மையாகவே அது பேசப்பட்டது, ஓரளவுக்கு நன்மைதான். ஆனால் சொந்தமான நிலத்தை அடகு வைக்கலாம், அடகு வைத்ததை இழக்கலாம். பர்மிய வழக்கில் கைமாறிய பூர்வீக நிலத்தைப் பிறகு மீட்டுக்கொள்ள இடம் இருந்தது. ஆங்கிலேயச் சட்டத்தில் மூழ்கியது மூழ்கியதுதான்.

இந்தச் சங்கிலியில் யார் எங்கே இருந்தார்கள் என்று பார்ப்போம். விலையை நிர்ணயித்தவர்கள் லண்டன் தரகர்களும் ரங்கூன் ஆலைக்காரர்களும். ஸ்டீல் பிரதர்ஸ், புல்லாக் பிரதர்ஸ் உள்ளிட்ட நான்கு பெரிய ஐரோப்பிய ஆலை நிறுவனங்கள் 1921இல் கூட்டுச் சேர்ந்து, நெல்லை இன்ன விலைக்கு மேல் வாங்குவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டன. கடலோரத்தில் கப்பல், காப்பீடு, வெளிநாட்டு நாணய மாற்று எல்லாம் ஆங்கிலேயர் கையில். நாட்டுப்புறத்தில் விவசாயி. இரண்டுக்கும் நடுவே செட்டியார். விவசாயி கண்ணால் பார்த்த ஒரே முகம் அவருடையதுதான். லண்டனில் விலை இறங்கியது விவசாயிக்குத் தெரியாது. வாசலில் வந்து நிற்கும் கணக்குப்பிள்ளையைத் தெரியும்.

செட்டியார்களைக் கொடும் வட்டிக்காரர்களாக எழுதுவதும், உழைத்துச் சேர்த்ததைப் பறிகொடுத்த அப்பாவிகளாக எழுதுவதும் நிறைய நடந்திருக்கிறது. எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. அவர்கள் பணத்தில் பெரும்பங்கு சொந்தப் பணமும் சொந்தபந்தங்களின் வைப்பும்தான். மீதியை வங்கிகளிடம் கடனாக வாங்கினார்கள். துணிந்து போட்டார்கள், நன்றாகவே சம்பாதித்தார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஆபத்து முழுவதும் சேற்றில் நின்றவன் தலையிலும், பழி முழுவதும் நடுவில் இருந்தவர் தலையிலும் விழுந்தது. மேலே இருந்தவர்களைத் தொட அங்கே யாருக்கும் கை எட்டவில்லை.

மொகல் தெருக் கிட்டங்கி ஒன்றுக்குள் போனால் இந்த மனிதர்கள் பக்கத்தில் தெரிவார்கள். கிட்டங்கி நீளமான ஒரு கூடம். உள்ளே தடுப்புச் சுவர் இல்லை. ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு கடைக்கும், தரையில் இவ்வளவு இடம் என்று பிரிவு. ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, பேரேடுகள். அந்த நாலடி இடத்துக்குள் லட்சங்கள் புரண்டன. மேலாள் ஒருவர், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே வேலை பழக வந்த பெட்டியடிப் பையன். பையனுக்குப் பெரும்பாலும் மீசை முளைக்கும் முன்பே கடல் பயணம். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். மேலாளோடு மூன்று ஆண்டுக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொள்வார். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னதாகவே வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு மேலாள் கப்பலேறுவார். ஆச்சிமார் ஊரில். கிட்டங்கி ஆட்கள் ராத்திரி அதே பாயில், அதே பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வார்கள். சமையற்காரரும் ஊரில் இருந்து வந்தவர்தான். மூன்று ஆண்டு முடிந்ததும் ஐந்தொகை போட்டு, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பிக் கொஞ்சகாலம் இருந்துவிட்டு மறுபடி புறப்படுவார்கள். ‘கொண்டு விற்கப் போதல்’ என்று அவர்கள் இதைச் சொன்னார்கள்.

தெருவுக்கு வெளியே ரங்கூன். அந்த ஊரையே ஆங்கிலேயர் 1850களில் சதுப்பு நிலத்தை மேடாக்கி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக் கட்டினார்கள். நடுவில் சூலே பகோடா, அதைச் சுற்றிச் செங்குத்தாக வெட்டும் தெருக்கள், பல தெருக்களுக்குப் பெயருக்குப் பதில் எண். பக்கம் பக்கமாக செட்டியார் கோயில், ஷியா மசூதி, யூத தேவாலயம், சீனக் கோயில். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் பெரும்பாலும் கோதாவரிக் கரைத் தெலுங்கர்கள். ஆற்று நீராவிப் படகுகளை ஓட்டியவர்கள் சிட்டகாங் முஸ்லிம்கள். நெல் அறுக்கத் தமிழரும் தெலுங்கரும் மேஸ்திரிகளோடு கூட்டமாக டெல்டாவுக்குப் போவார்கள். அறுவடை முடிந்ததும் அதே கூட்டம் அரிசி ஆலைகளுக்குத் திரும்பும். ஆலைப் பருவம் முடிந்தால் கப்பலேறி ஊருக்கு. 1920களின் இறுதியில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரங்கூன் துறையில் இறங்கினார்கள். அதில் பெரும்பகுதி திரும்பியும் போனது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகை 4,00,415. அதில் இந்தியர் 2,12,929. தங்கள் நாட்டுத் தலைநகரத்தில் பர்மியர் சிறுபான்மை. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பிறகு அங்கே நடந்த கலவரங்களைப் பற்றிப் பேசினால் நியாயமாக இருக்கும்.

பணம் போன வழியே எழுத்தும் போனது. ரங்கூனில் இருந்து தமிழ்ப் பத்திரிகைகள் வெளிவந்தன. ‘தனவணிகன்’ இதழை நடத்திய இளைஞர்தான் பின்னால் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க உலகம் சுற்றிய ஏ.கே. செட்டியார். வெ. சாமிநாத சர்மா 1937இல் அங்கே ‘ஜோதி’ தொடங்கினார்; ஐரோப்பிய அரசியலைத் தமிழில் படிக்க மதுரைக்காரர்கள் ரங்கூன் தபாலுக்குக் காத்திருந்த காலம் அது. காரைக்குடியில் ‘குமரன்’, ‘ஊழியன்’ போன்ற இதழ்கள் வளர்ந்ததற்கும் கடல் தாண்டி வந்த பணத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் செட்டிநாட்டு இதழியலை எழுத முடியாது. மாளிகைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பர்மாத் தேக்குத் தூண்களை இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். வந்த வழியைக் கேட்பவர்கள் குறைவு.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ரங்கூனுக்கு அதன் அதிர்வு வந்துசேர ஓராண்டு ஆனது. 1930 இறுதியில் நெல் விலை விழத் தொடங்கி, சில மாதங்களில் முந்தைய விலையில் பாதிக்கு வந்தது. கடன் ரூபாயில் எழுதியிருந்தது. ரூபாய் அப்படியே நின்றது, நெல்தான் தேய்ந்தது. விவசாயிகளால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. வங்கிகள் செட்டியார்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டன. செட்டியார்களுக்கு நிலம் தேவைப்படவில்லை. அவர்கள் விவசாயம் செய்ய வந்தவர்கள் இல்லை. வேறு வழியில்லாமல் அடமான நிலங்களை எடுத்துக்கொண்டார்கள். நெல் விளையும் முக்கிய மாவட்டங்களில் 1930இல் அவர்களிடம் இருந்தது 6 சதவீத நிலம். 1937இல் 25 சதவீதம். கால்வாசி வயல், அதை உழாத, அந்த மண்ணில் குடும்பம் இல்லாத, வேற்று மொழி பேசும் ஒரு சிறு கூட்டத்தின் பெயரில். பர்மிய தேசிய இயக்கத்துக்கு இதைவிட எளிதான இலக்கு கிடைத்திருக்காது.

அதற்கு முன்னோட்டம் நடந்துவிட்டிருந்தது. 1930 மே மாதம் தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் பர்மியரை அந்த வேலைக்கு எடுத்தார்கள். நிறுத்தம் முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியரை அனுப்பிவிட்டார்கள். 26ஆம் தேதி தெருவில் வெட்டுக்குத்து ஆரம்பித்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அதிகம் இந்தியர். வேலை கொடுத்தவர்கள் வீட்டில் கல்கூட விழவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் தாராவாடியில் சாயா சான் என்ற நாட்டு வைத்தியர் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். அரசு அவரை மறு ஆண்டு தூக்கில் போட்டது.

1938 ஜூலைக் கலவரம் வேறு விதமாக மூண்டது. 1931இல் வெளிவந்திருந்த ஒரு நூல். புத்தரை இழிவு செய்கிறது என்று சொல்லப்பட்ட அதை எழுதியவர் ஒரு முஸ்லிம். ஏழு ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பர்மிய நாளேடுகள் அதைத் தோண்டியெடுத்து வெளியிட்டன. ‘தூரியா’ இதில் முன்னணியில் நின்றது. 26ஆம் தேதி ஷ்வேடகோன் பகோடாவில் கூட்டம், அங்கிருந்து சூர்த்தி பஜார் நோக்கி ஊர்வலம், அப்புறம் நாடு முழுவதும் தீ. விசாரணைக் குழு பத்திரிகைகளைக் கடுமையாகக் குறை சொன்னது. கூடவே, நிலமும் வேலையும் பறிபோன கோபம் அடியில் கனன்றதையும் பதிவு செய்தது. மதத்தின் பெயரில் அடிபட்டவர்கள் முஸ்லிம்கள். டெல்டாவில் நிலத்தை இழந்தவர்களிடம் கடன் பத்திரம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் முருக பக்தர்கள். கோபத்துக்கும் இலக்குக்கும் இப்படிப் பொருத்தம் இல்லாமல் போவதை நம் காலத்திலும் பார்க்கிறோம், அச்சு இயந்திரம் மட்டும் மாறியிருக்கிறது.

1937 ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவில் இருந்து பிரிக்கப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, பிப்ரவரி 10ஆம் தேதி, எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். நாடுகள் பிரியும் நேரத்தில் கடல் தாண்டிய வங்கி. அது துணிச்சலா, காலத்தைப் படிக்கத் தவறியதா என்று எளிதில் சொல்ல முடியாது. வங்கி பிழைத்தது, ரங்கூன் கைவிட்டுப் போனது.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. மார்ச்சில் ஊர் வீழ்ந்தது. வசதி இருந்தவர்களுக்குக் கப்பல். மற்றவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். நடந்தவர்கள் லட்சக்கணக்கில், வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் பல்லாயிரம். சாமிநாத சர்மா மனைவியோடு நடந்து வந்து பின்னர் ‘பர்மா வழிநடைப் பயணம்’ எழுதினார். இங்கே வந்துசேர்ந்தவர்களுக்கு முன்பே இன்னொரு செய்தி வந்துவிட்டது: பர்மா அரிசி இனி வராது. 1943 வங்கப் பஞ்சத்துக்கான காரணங்களில் அதுவும் ஒன்று.

காடு திரும்பி வரவில்லை. விடுதலைக்குப் பின்னும் விறகுக்கும் வயலுக்கும் இறால் பண்ணைக்கும் டெல்டாவின் அலையாத்திகள் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன. 2008 மே மாதம் நர்கீஸ் புயல் அங்கே கரையேறியபோது கடல் எழுந்து உள்ளே வெகுதூரம் பாய்ந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 1.3 லட்சத்துக்கும் மேல். பழி முழுவதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோடாலி மீது போடுவது சரியாகாது. ராணுவ அரசு எச்சரிக்கையை மக்களிடம் ஒழுங்காகக் கொண்டுபோகவில்லை, வந்த உதவியையும் நாள்கணக்கில் தடுத்தது. ஆனாலும் கரையோரத்தின் முதல் அரண் எப்போது போகத் தொடங்கியது என்ற கேள்விக்கு விடை, கரோலினா அரிசி நின்ற ஆண்டுகளுக்கு அருகில்தான் இருக்கிறது.

செட்டியார் நிலங்களுக்கு முடிவு 1948இன் நில நாட்டுடைமைச் சட்டத்தில் வந்தது. நஷ்டஈடு காகிதத்தில் இருந்தது. பெரும்பாலோர் கைக்கு வரவில்லை. கடை வைத்திருந்த சாதாரணத் தமிழர்கள், கூலிகள், தையற்காரர்கள், தெருவோரம் பலகாரம் விற்றவர்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கிகளும் மொத்த வணிகமும் அரசுக்குப் போயின, அடுத்துச் சில்லறைக் கடைகளும். 1964 மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மூன்று லட்சம் பேர் அளவில் கிளம்பினார்கள். கப்பல்கள் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் அவர்களை இறக்கின. சென்னைக் கடற்கரைச் சாலையில் அவர்களுக்கென்று கடைவீதி உருவானது. அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் உணவும் அங்கிருந்துதான் நகரத்துக்குப் பழக்கமானது.

அவர்களில் சிலருக்குத் தமிழ்நாடு ஒட்டவில்லை. அகதி முகாமில் இருந்து கிளம்பி, பர்மாவுக்கே திரும்ப நினைத்து மணிப்பூர் வழியாகப் போனார்கள். எல்லையில் பர்மிய ராணுவம் திருப்பியனுப்பியது. திரும்பியவர்கள் ஊருக்கு வரவில்லை, எல்லையிலேயே தங்கிவிட்டார்கள். அந்த ஊரின் பெயர் மோரே. அங்கே அவர்கள் கட்டிய வணிகத்தையும் கோயிலையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)